வெள்ளிக்கிழமையின் மூன்று திருப்பங்கள்

பெங்களூர் விவேக் நகரில் உஷாவின் வேனைத் தெரியாதவர்கள் குறைவு. பழைய ஆம்னி. பின்கதவை இரண்டு தரம் ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். அந்த வேன் ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு, கொட்டுகிற மழையில், சுரங்கச் சாலைக்குள் இறங்குகிற சரிவின் தலைப்பில் நின்றது. உள்ளே ஏழு பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

வண்டி கெட்டுப்போய் நிற்கவில்லை. உஷாதான் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்றால், அவள் யார் என்று முதலில் தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை நான் மறந்துவிட மாட்டேன்.

உஷாவுக்கு நாற்பத்தொரு வயது. பிறந்தது திருப்பத்தூர் பக்கம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கன்னடம் வாயில் தண்ணீராக ஓடும், பலகையில் எழுதியிருந்தால் மட்டும் கோலம் போட்ட மாதிரி இருக்கும். புருஷன் உத்தமன்தான் வேனை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். குவைத்தில் டிரைவர் வேலை வந்ததும் போய்விட்டான். அங்கிருந்து போன் போட்டு, வேனை வித்துடு என்றான்.

"விக்க மாட்டேன். நானே ஓட்டறேன்."

"நீயா? கியர் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமாடி உனக்கு?"

எட்டு மாதம் கழித்து லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்பினாள். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. டயருக்குக் காத்து பாத்தியா என்று மட்டும் கேட்பான்.

முதல் இரண்டு வருஷம் அவள் ஓட்டியது ஒரே வழி. உத்தமன் போன அதே வழி. பேக்கரி வந்தால் இடது, மசூதி வந்தால் வலது, முட்டைக்கடை வந்தால் பள்ளிக்கூடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் பெருமைதான் கெடுத்தது. ஒரு நாள் பேக்கரித் தெருவின் வாயில் தகரத்தை நிறுத்தி, ரோட்டை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இந்த ஊரில் தகரம் ஒரு அதிசயமா? இல்லை. ஆனால் உஷாவுக்குப் பேக்கரி இல்லாவிட்டால் இடது இல்லை, இடது இல்லாவிட்டால் மசூதி இல்லை. மசூதி இல்லாவிட்டால் உலகமே இல்லை. இருபது நிமிஷத்து வீட்டுக்குப் பிள்ளைகளை இரண்டரை மணி நேரம் சுற்றினாள். வழி கேட்டால் ஒருவர் இந்தப் பக்கம் கை காட்டுவார், அடுத்தவர் அந்தப் பக்கம் காட்டுவார். யுகேஜி படித்துக்கொண்டிருந்த ஷ்ரேயாஸ் நிஜாரிலேயே மூத்திரம் போய்விட்டு விக்கி விக்கி அழுதான். அவனைவிட உஷாதான் அதிகமாக அழுதாள்.

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. தனக்கு வழி தெரியாததால் இந்தக் கதி வரவில்லை, ஒரே ஒரு வழி தெரிந்ததால்தான் வந்தது என்று அவளுக்குப் பட்டது. தொலைந்துபோவது தனக்குப் பழக்கமே இல்லை. பழகாத காரியத்தைப் பெருமழையிலும் பந்த் நாளிலும் முதல் தடவையாகச் செய்தால் யாருக்குத்தான் வரும்? அதனால் வெயில் காய்கிற நல்ல நாளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டுமென்றே தொலைந்துபோவது என்று முடிவு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை வழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைப்பாள். அந்தப் பிள்ளை சொல்கிறபடி மூன்று திருப்பம். லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். மூன்றே மூன்று, நாலாவது கிடையாது. மூன்றாவது திருப்பத்தில் எங்கே வந்து நிற்கிறார்களோ, அங்கிருந்து யாரையும் கேட்காமல் அவள் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கால் மணி நேரம் பிசகும், அவ்வளவுதான். கண்டுபிடித்த சந்துக்கு அந்தப் பிள்ளையின் பெயர். இஸ்திரி வண்டி நிற்கிற சந்துக்கு ஷ்ரேயாஸ் சந்து என்று பெயர். மாட்டுக் கொட்டகை வழியாகப் போவது ஸ்னேஹா ரோடு. பிள்ளைகள் வியாழக்கிழமை ராத்திரியே அடுத்த நாள் யார் முறை என்று சண்டை போடுவார்கள்.

மூன்று வருஷத்தில் அவளுக்கு எத்தனை சந்து தெரிந்தது என்று யாரும் எண்ணவில்லை. ரோட்டை வெட்டினால், மரம் விழுந்தால், பிள்ளையார் ஊர்வலம் வந்தால், மற்ற வேன்காரர்கள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொள்வார்கள். உஷா தகரத்தைக் கண்டால், "பாருங்கடா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை சீக்கிரமா வந்துடுச்சு" என்பாள். ஊர் ஒரு தெருவை அவளிடமிருந்து பிடுங்கினால், அவள் இரண்டு தெருவைக் கறந்துகொண்டு வருவாள்.

ஆனால் ஒன்று. தரை தெரியாத தண்ணீரில் அவள் வண்டியை இறக்கவே மாட்டாள். கணுக்கால் தண்ணீராக இருக்கும் என்று பத்துப் பேர் சத்தியம் செய்தாலும் சரி. "தப்பான சந்துக்குள்ள போனா பொழுது போகும். தண்ணிக்குள்ள போனா உசிரு போகும். ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க" என்பாள். அதில் அவளை அசைக்க முடியாது.

இனி பத்ரிநாத். ரக்ஷாவின் அப்பா. தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர்க்காரர்கள், படித்த குடும்பம். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கெட்ட மனுஷன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ரக்ஷாவுக்கு ஏழு வயது, குளிர்காற்று பட்டால் வீசிங் வரும், பஃப் என்கிற உறிஞ்சு மருந்து பையிலேயே இருக்கும். அதனால் அவர் வேனில் ஒரு டிராக்கர் வைத்தார். வேன் எங்கே போகிறதென்று அவர் போனில் ஒரு புள்ளி காட்டும். வெள்ளிக்கிழமையானால் அந்தப் புள்ளி மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்து, சந்தில் முட்டி, திரும்பி, தாறுமாறாக ஓடும். ஆபீஸில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற தகப்பனுக்கு எப்படி இருக்கும்?

புரட்டாசியில் பெற்றோர் எல்லாரையும் கூட்டி, உஷாவை நடுவில் நிறுத்தினார்.

"உஷாம்மா, நீங்க நல்லா ஓட்டறீங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இது ஸ்கூல் வேன். லாட்டரி இல்ல. குழந்தை லெஃப்ட்னா லெஃப்ட் போவீங்களா? நான் மேப் வச்சு ரூட் போட்டுத் தந்திருக்கேன். பெஸ்ட் ரூட். இருபத்திரெண்டு நிமிஷம். டெய்லி அதுலதான் போகணும்."

"சார், அந்த ரூட் அடைச்சிக்கிட்டா?"

"அடைச்சா மேப் வேற காட்டும்."

"மேப் காட்டும் சார். நான் அதுல போய்ப் பாத்திருக்கணுமில்ல?"

மற்ற பெற்றோரும் அவர் பக்கம்தான். வெள்ளிக்கிழமை வழக்கத்தை நிறுத்தாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகளை வேறு வேனில் போடுவோம் என்றார்கள். ஏழு பிள்ளையும் போனால் வண்டி நின்றுவிடும். உஷா வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதமாகச் சமர்த்தாக ஒரே ரூட். இருபத்திரெண்டு நிமிஷம். முன்சீட்டில் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பும்போது தூறல்தான். ஐந்து நிமிஷத்தில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பின்னால் ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் பொங்கி ரோட்டுக்கு ஏறிவிட்டது. வந்த வழி போயே போய்விட்டது. முன்னால் சுரங்கச் சாலை. அதைத் தாண்டினால் எட்டு நிமிஷத்தில் விவேக் நகர், கிளினிக், டாக்டர் சீதாலட்சுமி. பத்ரிநாத் போட்ட ரூட் அதுதான்.

உஷா சரிவின் தலைப்பில் பிரேக்கை மிதித்தாள். உள்ளே இருட்டு. தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு கிடந்தது. தரை தெரியவில்லை.

அப்போதுதான் ஸ்னேஹா பின்னாலிருந்து கத்தினாள். ஆறாவது படிக்கிற பெண், வேனில் அவள்தான் மூத்தவள். "ஆன்ட்டி, ரக்ஷாவுக்கு வீசிங்! பஃப் அடிச்சா ஒண்ணும் வரல. ஜீரோ காட்டுது!"

உஷா திரும்பிப் பார்த்தாள். ரக்ஷாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. விசில் மாதிரி ஒரு சத்தம்.

"எதிர்ல உக்காராதீங்கடா, காத்து விடுங்க. ஸ்வெட்டர் ஈரமாயிருக்கு பாரு, கழட்டு. நிமிந்து உக்காரு கண்ணு. இந்த வைப்பர் இருக்குல்ல, அது அந்தப் பக்கம் போகும்போது மூச்சை ஊதி விடு. மெதுவா. ஊதல் ஊதற மாதிரி. ஸ்னேஹா, நீ அவ கூடவே எண்ணு. ஷ்ரேயாஸ், அவங்கப்பாவுக்குப் போன் போடு, ஸ்பீக்கர்ல போடு."

பத்ரிநாத் முதல் மணியிலேயே எடுத்தார். "ஏன் நிக்கறீங்க? புள்ளி ரெண்டு நிமிஷமா நிக்குது."

"சார், பாப்பாவுக்கு இழுக்குது. பஃப் தீந்துபோச்சு. கிளினிக்குக்குக் கொண்டுபோறேன், நீங்களும் அங்க வந்துடுங்க."

அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "அப்ப ஏன் நிக்கறீங்க? நேரா போங்க! சுரங்கத்துக்குள்ள இறங்குங்க!"

"தண்ணி நிக்குது சார். அடி தெரியல."

"மேப்ல கிளியரா இருக்கும்மா! சிவப்பே இல்ல. ஒரு வண்டிகூட இல்ல, ஃப்ரீயா இருக்கு."

"வண்டியே இல்லாத ரோடு ஃப்ரீயாத்தான் சார் இருக்கும்."

"உஷா! என் குழந்தைக்கு மூச்சு விட முடியல, நீங்க என்கிட்ட வாதம் பண்றீங்க. ஒரு அடி தண்ணிதான் இருக்கும். இறங்குங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு, சொல்லிட்டேன்."

பின்னால் விசில் சத்தம். வைப்பர் அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. இறங்காமல் போய் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், ஊர் அவளைத்தான் சொல்லும். இறங்கிப்போய் வண்டி நடுவில் நின்றால், ஏழு பிள்ளைக்கும் ஆகும். அப்போது சொல்வதற்குக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். உஷா ரிவர்ஸ் போட்டாள்.

"நான் பொறுப்பு சார். சுத்தி வரேன்."

அவர் ஏதோ கத்தினார். ஷ்ரேயாஸ் போனை வைத்துவிட்டான்.

சரிவிலிருந்து பின்வாங்கியதும் வலது கைப்பக்கம் ஷ்ரேயாஸ் சந்து. இஸ்திரி வண்டி, வேப்பமரம், அதற்கப்புறம் மேட்டில் ஏறிப் பெரிய ரோடு. உஷாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். சந்துக்குள் திரும்பினாள். இஸ்திரி வண்டி இருந்தது. வேப்பமரம் இருந்தது. அதற்கப்புறம் ரோடு இல்லை. சாக்கடை மூடிக்கல்லை எல்லாம் பெயர்த்து அடுக்கி, நடுவில் ஆள் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழி நிறைய மழைத்தண்ணீர்.

இஸ்திரிக்காரர் தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டினார். "பத்து நாளாச்சே அக்கா, தோண்டிட்டு! நீ இந்தப் பக்கமே வர்றதில்லையா இப்போ?"

அந்தக் கேள்வி உஷாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வர்றதில்லை. ஒரு மாதமாக வரவில்லை. நாலு வெள்ளிக்கிழமை. அவள் மூளைக்குள் இருந்தது போன மாதத்து ஊர், வெளியே கிடந்தது இன்றைக்கு இருக்கிற ஊர். சமர்த்தாக இருந்ததில் ஒரு சந்து போனது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. இன்னும் எத்தனை போயிருக்குமோ?

வண்டியைப் பின்னால் எடுத்தாள். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, ஷ்ரேயாஸ் பின்கண்ணாடியைச் சட்டையால் துடைத்துத் துடைத்து, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, ஸ்டாப்!" என்று கண்டக்டர் மாதிரிக் கத்தினான். ஒரு சுவரில் இடித்து பம்பர் கிறீச்சிட்டது. இடிக்கட்டும்.

"ஸ்னேஹா ரோடு போலாம் ஆன்ட்டி" என்றது ஒரு குரல்.

"மாட்டுக் கொட்டாய் பள்ளத்துல இருக்குடா. அங்க தண்ணி நிக்கும்" என்றாள் உஷா. வேறு எது? பெரிய ரோட்டில் பஸ்ஸும் லாரியும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன, ஊசி நுழையாது. அவள் ஒவ்வொரு சந்தாக நினைத்துப் பார்த்தாள். இது இருக்குமா, அது இருக்குமா என்று இப்போது எல்லாவற்றிலும் சந்தேகம். இதுவரை தொலைந்துபோவதில் பயம் இல்லாதவளுக்கு, தெரிந்த தெருவில் நின்றுகொண்டு பயம் வந்தது.

ரக்ஷா கையை உயர்த்தினாள். கிளாஸில் டீச்சரைக் கேட்கிற மாதிரி. "என்... என்னோடது."

"என்ன கண்ணு?"

"என்னோட... டெட் எண்ட்."

"ஐயோ, அது முட்டுச்சந்து! அதுல போய் என்ன பண்றது?" என்றான் ஷ்ரேயாஸ்.

ஆவணியில் ரக்ஷாவின் முறை வந்தபோது அவள் ரைட், ரைட், ரைட் என்று மூன்று தரமும் ரைட்டே சொன்னாள். போய் முட்டியது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கேட்டில். மண்டபத்தைத் தவிர அந்தச் சந்தில் வேறு எதுவுமே இல்லை. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ரக்ஷா வீடு வரைக்கும் அழுதாள். மற்றவர்கள் பெயரில் ரோடு, இவள் பெயரில் மட்டும் ஒரு சுவர். அன்றைக்கு வாட்ச்மேன் கிருஷ்ணப்பா தடியோடு ஓடி வந்து சத்தம் போட்டார். பின்னால் எடுக்கவும் இடமில்லை என்று பார்த்ததும், தலையில் அடித்துக்கொண்டு கேட்டைத் திறந்து, உள்ளே போய்த் திருப்பிக்கொள்ள விட்டார். அடுத்த வாரம் உஷா அவருக்கு ஒரு தேங்காய் பன் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் அவருக்கு ஒரு குரல் கொடுப்பாள்.

வண்டியைத் திருப்பியபோது சமையல் கொட்டகைக்கு அந்தப் பக்கம் முன்கேட் தெரிந்தது. முன்கேட்டுக்கு வெளியே மேட்டுத் தெரு, சுரங்கச் சாலைக்குள் இறங்காமலே விவேக் நகருக்குப் போவது. அதை அப்போது சும்மா கண்ணால் பார்த்ததுதான். இப்போது அது அவள் முன்னால் வந்து நின்றது.

"அது முட்டுச்சந்து இல்லடா!" என்றாள் உஷா. வண்டி ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது. ரைட். ரைட். மூன்றாவது ரைட்.

பின்கேட் பூட்டியிருந்தது. பூட்டு புதுசு. உஷா ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. உள்ளே நாதஸ்வரமும் மழையும் கலந்து ஒன்றும் கேட்காது என்று தெரியும், இருந்தாலும் எடுக்கவில்லை. ஸ்னேஹா கதவைத் திறந்து மழையில் குதித்து, இரண்டு கையாலும் கேட்டைக் குலுக்கினாள். "அங்கிள்! கிருஷ்ணப்பா அங்கிள்!"

பின்னால் விசில் சத்தம் குறைந்தது. நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்த உஷா உடனே திரும்பிப் பார்த்தாள். குறைந்தது ஏனென்றால் காற்றே சரியாகப் போகவில்லை. பிள்ளையின் உதடு வெளுத்துக் கிடந்தது. "வைப்பரைப் பாரு கண்ணு. தூங்கக் கூடாது. வைப்பரைப் பாரு."

ஒரு பெரிய கலர்க்குடை ஆடி ஆடி வந்தது. குடைக்குக் கீழே கிருஷ்ணப்பா. "யாரு அது, ஒளகே ஃபங்ஷன் நடீத்தா இதே..." என்று, உள்ளே விசேஷம் நடக்கிறதே என்று கன்னடத்தில் திட்டிக்கொண்டே வந்தவர் வேனைப் பார்த்தார். "ஏ, ஸ்கூல் வேனு! ஒந்து திங்களாய்த்து நோடி! எல்லி ஹோகித்ரி?"

ஒரு மாதமாக எங்கே போனீர்கள் என்று கேட்கிறார் அவர். உஷா ஜன்னலில் தலையை நீட்டினாள். "மகுவுக்கு, பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது அண்ணா. முன்கேட்டு வழியா விடுங்க. கால்ல விழறேன்."

அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். உடனே சாவிக்கொத்தைத் தேடினார். ஈரக்கையில் சாவி வழுக்கியது. முதல் சாவி இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதில் பூட்டு விழுந்தது.

உள்ளே நுழைந்தால் வழி முழுக்க சமையல். தார்ப்பாய்க்குக் கீழே மூன்று பெரிய அடுப்பு, அண்டா நிறைய ரசம் கொதிக்கிறது, ஒரு பக்கம் ஜிலேபி. கிருஷ்ணப்பா குடையை விசிறி எறிந்துவிட்டு, "ஒலே எத்தி! பேகா, பேகா!" என்று அலறினார். அடுப்பைச் சீக்கிரம் எடு என்கிறார். தலைமைச் சமையல்காரர் தமிழ்தான். "எண்ணெய் கொதிக்குதுய்யா, எங்கய்யா எடுக்கறது?" என்று எதிர்த்து நின்றவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். "பிடிங்கடா நாலு பேரு! ரசம் சிந்தினா சிந்தட்டும்!"

சிந்தியது. புளிவாசம் வேனுக்குள் குப்பென்று வந்தது. உஷா கிளட்சை விட்டும் விடாமலும், ஜிலேபிச் சட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஊர்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் அதுகூட இல்லை. கண்ணாடியை மடக்கினாள். யாரும் மூச்சு விடவில்லை, மூச்சு விடவேண்டிய பிள்ளை மட்டும் வைப்பரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது.

முன்வாசலில் வாழைமரம் கட்டிய வளைவு. மாப்பிள்ளை கார் எதிரே வந்து நிற்கிறது. கிருஷ்ணப்பா அதன் பானட்டைத் தட்டித் தட்டிப் பின்னால் அனுப்பினார். வாசலில் பன்னீர் தெளிக்கிற அம்மாள் என்ன ஏது என்று புரியாமல், கை பழக்கத்தில் வேனுக்கும் இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டாள். வேன் மேட்டுத் தெருவில் ஏறியது. கறுப்புத் தார், தரை தெரிந்தது. இத்தனை நேரத்தில் முதல் தடவையாக உஷா மூன்றாவது கியர் போட்டாள்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. வியாழக்கிழமை அல்லவா. குழந்தை இயேசு கோவிலுக்கு ஊரே வருகிற நாள். மழையானாலும் கூட்டம் குறையாது. ரோடு நிறையக் குடை, கையில் மெழுகுவர்த்தி. ஸ்னேஹாவும் ஷ்ரேயாஸும் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டி, "ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி! வழி விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். குடைகள் இரண்டாகப் பிரிந்தன. யாரோ ஒரு கிழவர் வேனுக்கு முன்னால் ஓடி ஓடி வழி விலக்கிக்கொண்டே வந்தார். யார் என்று இன்றுவரை தெரியாது.

கிளினிக் படியில் ரக்ஷாவைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது உஷாவின் செருப்பு ஒன்று ரோட்டில் தங்கிவிட்டது. டாக்டர் சீதாலட்சுமி ஒரு பார்வை பார்த்தார். மூக்கோடு மாஸ்க்கை வைத்து, மிஷினைப் போட்டார். மருந்துப் புகை சீறியது. ஆக்ஸிஜனும் வைத்தார். ஒரு மருந்து முடிந்து இரண்டாவது போனது. இருபது நிமிஷம். ரக்ஷாவின் தோள் மெதுவாகக் காதைவிட்டு இறங்கியது.

"சரியாயிடுவா" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா எனக்குக் கஷ்டமாயிருந்திருக்கும்."

உஷா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு கால் வெறுங்கால். மற்ற ஆறு பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, அவரவர் வீட்டுக்குப் போன் போட்டாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அழுதாள்.

பத்ரிநாத் வர இன்னும் முக்கால் மணியானது. இடுப்புவரை சேறு. நேராக உள்ளே ஓடி மகளைப் பார்த்தார். வெளியே வந்து உஷாவுக்கு எதிரே நின்றார். அவர் சுரங்கச் சாலையின் அந்தப் பக்கத்தில் மாட்டி, காரை விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார். வரும்போது பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு டாக்ஸி, கூரை மட்டும் தெரிய முழுகிக் கிடந்தது. டிரைவரை ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டிருந்தார்கள். உயிர் இருந்தது.

"நான்தான் இறங்கச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"பயத்துல சொன்னீங்க சார். நானும் பயந்துட்டேன்."

"எந்த வழியா வந்தீங்க? புள்ளி ஒரு கட்டடத்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வந்துச்சு. டிராக்கர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"அது உங்க பொண்ணு கண்டுபிடிச்ச முட்டுச்சந்து சார். ஆவணியில. அன்னிக்கு நீங்க போன் போட்டுத் திட்டினீங்களே, அந்த வெள்ளிக்கிழமை."

படித்தவர் அல்லவா, அவர் போனை எடுத்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க உஷாம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாச் சந்தையும் சொல்லுங்க. நான் நோட் பண்ணிக்கறேன். எமர்ஜென்சி ரூட் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டு ஃபிக்ஸ் பண்ணிடலாம். அதுக்கப்புறம் இந்தச் சுத்தறதே வேண்டாம்."

உஷா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"இன்னிக்கு ஷ்ரேயாஸ் சந்துல குழி சார். பத்து நாளாத் தோண்டியிருக்கு. எனக்குத் தெரியாது. ஒரு மாசம் முன்ன நீங்க எழுதி வச்சிருந்தா அதுலயும் குழி இருந்திருக்காது. கிருஷ்ணப்பா அண்ணனை எந்த நம்பர்ல எழுதுவீங்க? போகப் போகத்தான் சார் தெரியும். நாலு வாரம் விட்டேன், பாதி போச்சு. வேற வேன் பாக்கறதுன்னா பாருங்க. என் வேன்னா, வெள்ளிக்கிழமை மூணு திருப்பம் உண்டு."

ஏழு பிள்ளையும் போனால் வண்டி நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் சொன்னாள். அவர் உள்ளே போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு விட்டார்கள். அடுத்த வாரம் முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் மூன்றரை மணி, நல்ல வெயில். பள்ளிக்கூட வாசலில் உஷா வண்டியை நிறுத்தினாள். ஏழு பிள்ளையும் வந்தார்கள். முன்சீட்டுக்குச் சண்டையே இல்லை, ரக்ஷாவை அவர்களே தூக்கி உட்கார வைத்தார்கள். அவள் கழுத்தில் புது பஃப் ஒரு கயிற்றில் தொங்கியது, எத்தனை பாக்கி என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லு கண்ணு."

"லெஃப்ட்."

திரும்பினாள். ஒரு மரக்கடை.

"லெஃப்ட்."

யாரோ வடாம் காய வைத்திருந்த தெரு. ஒரு பாயைத் தாண்டிப் போனாள்.

ரக்ஷா மூன்றாவதை யோசித்தாள். எல்லாரும் ரைட் என்று கத்தினார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, "லெஃப்ட்டேதான்" என்றாள். உஷாவைப் பார்த்து வந்த பிடிவாதம், வேறென்ன.

அந்தத் திருப்பத்தில் இரண்டு பக்கமும் மதில். எங்கே இருக்கிறோம் என்று உஷாவுக்குக் கொஞ்சமும் புலப்படவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பத்ரிநாத். ஸ்னேஹா ஸ்பீக்கரில் போட்டாள்.

"உஷாம்மா, எங்க இருக்கீங்க?"

புள்ளி அவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்கிறார். உஷா மதிலைப் பார்த்தாள், மேலே தொங்குகிற காகிதப்பூக் கொடியைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை.

"தெரியல சார்."

அவர் மூச்சை இழுத்து விடுவது போனில் கேட்டது.

"சரி" என்றார். "மெதுவா வாங்க."